லூயிவில், 1981: தெருவுக்கு அடியில் ஓடிய ஹெக்சேன்

1981 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், ஒஹையோ ஆற்றங்கரையில் இருக்கிறது லூயிவில் நகரம். பொழுது விடியாத 5.16 மணி. மருத்துவமனை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்களின் கார், ஹில் தெருவில் ரயில் பாலத்துக்கு அடியில் நுழைந்தது. அந்த நொடியில் சாலை வெடித்தது. கார் மேலே தூக்கியெறியப்பட்டுப் பக்கவாட்டில் விழுந்தது.

அதே நேரத்தில் நகர மையத்தை நோக்கிப் பறந்துகொண்டிருந்த போலீஸ் ஹெலிகாப்டரில் இருந்தவர்கள், கீழே தெருக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்துக்கொண்டு போவதைப் பார்த்தார்கள். பழைய லூயிவில் பகுதியையும் பல்கலைக்கழகத்தின் பக்கத்தையும் தொட்டுக்கொண்டு அந்த வெடிப்பு ஓடியது. வானத்திலிருந்து யாரும் குண்டு போடவில்லை. வெடித்தது பாதாளச் சாக்கடை. மேன்ஹோல்கள் இருந்த இடங்களில் பள்ளங்கள்தான் மிஞ்சின. 2 மைலுக்கும் அதிகமான நீளத்துக்குத் தெருக்கள் இப்படிக் குதறப்பட்டுக் கிடந்தன. ஹில் தெருவின் அடியில் ஓடிய 12 அடி விட்டமுள்ள பெருங்குழாய் இடிந்து, அதற்கு மேலிருந்த சாலை பல கட்டட வரிசைகளின் நீளத்துக்கு உள்ளே சரிந்தது. வீடுகளும் கடைகளும் பலத்த சேதமடைந்தன. குடும்பங்கள் வெளியேற வேண்டியதாயிற்று.

சிலர் காயமடைந்தார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. இதற்குப் பொழுதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அதே வெடிப்பு மூன்று மணி நேரம் தாமதித்திருந்தால், அந்தத் தெருக்களில் மாணவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் நிறைந்திருப்பார்கள்.

காரணம் சீக்கிரமே தெரிந்துவிட்டது. பல்கலைக்கழக வளாகத்துக்குத் தென்கிழக்கே ரால்ஸ்டன் பியூரினா நிறுவனத்தின் சோயா ஆலை இருந்தது. சோயாவிலிருந்து எண்ணெய் எடுக்க அங்கே ஹெக்சேன் என்ற கரைப்பானைப் பயன்படுத்தினார்கள். அந்த ஹெக்சேன் ஆயிரக்கணக்கான கேலன் கணக்கில் ஆலையிலிருந்து நகரத்தின் சாக்கடைக்குள் போயிருந்தது. குழாயில் ஆவி நிரம்பியது. அந்தக் காரிலிருந்து வந்த ஒரு பொறி அதைப் பற்றவைத்தது என்று கருதப்படுகிறது.

ஒரு சாக்கடைக் குழாய் எப்படி வெடிமருந்துக் குழாயாக மாறுகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். "சாக்கடையில் கொட்டக் கூடாத பொருட்கள்" என்று அலுவலகச் சுவர்களில் ஒட்டியிருக்கும் பட்டியல்களை யாரும் படிப்பதில்லை. படித்தாலும் ஏன் என்று புரிவதில்லை. லூயிவில் அதைப் புரியவைக்கிறது.

எண்ணெய் வித்தைச் செக்கில் ஆட்டினாலும் எந்திரத்தில் பிழிந்தாலும் புண்ணாக்கில் கொஞ்சம் எண்ணெய் தங்கிவிடும். சோயாவில் எண்ணெயே குறைவு, ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட. அதனால் பிழிவதோடு நிறுத்தினால் கட்டுப்படியாகாது. சோயாவை உடைத்து மெல்லிய தகடுகளாக நசுக்கி, அதன்மேல் ஹெக்சேனை ஓடவிடுவார்கள். எண்ணெய் ஏறக்குறைய முழுவதும் ஹெக்சேனில் கரைந்து வந்துவிடும். பிறகு அந்தக் கலவையைச் சூடாக்கினால் சுமார் 69 டிகிரி செல்சியஸில் ஹெக்சேன் ஆவியாகிப் போக, எண்ணெய் தங்கும். புண்ணாக்கில் ஊறியிருக்கும் ஹெக்சேனை நீராவி பாய்ச்சி விரட்டுவார்கள். இரண்டு ஆவிகளையும் குளிரவைத்தால் தண்ணீரும் ஹெக்சேனும் ஒன்றாகத் திரவமாகும். தண்ணீரைவிட ஹெக்சேன் லேசானது. ஒரு லிட்டர் ஏறக்குறைய 660 கிராம்தான். அது மேலே மிதக்கும், தண்ணீர் கீழே நிற்கும். மேலே இருப்பதை எடுத்து மறுபடி ஆலைக்குள் அனுப்புவார்கள். கீழே இருக்கும் தண்ணீர் சாக்கடைக்குப் போகும்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் ஆபத்து உட்கார்ந்திருக்கிறது. ஹெக்சேனையும் நகரத்தையும் பிரித்து நிற்பது இரண்டு திரவங்களுக்கு நடுவில் உள்ள ஒரு கோடு மட்டுமே. பிரிக்கும் தொட்டியின் வெளிவாய் அடியிலிருந்து தண்ணீரை எடுக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். வரத்து அதிகமாகி, பிரிவதற்கு நேரம் கிடைக்காமல் போனால் அந்தக் கோடு கலங்கும். தொட்டியில் ஹெக்சேன் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் கோடு கீழே இறங்கி வெளிவாயைத் தொட்டுவிடும். சோயாவில் உள்ள லெசித்தின் எண்ணெயையும் நீரையும் பால் போலக் கலக்கவைக்கும் பொருள். அது சேர்ந்தால் கோடே இல்லாமல் போகலாம். இத்தகைய ஆலைகள் எல்லாவற்றுக்கும் இந்தப் பலவீனம் பொது. கடைசித் தொட்டிக்கு அப்பால் ஆலையின் பொறுப்பு முடிந்தது என்ற நினைப்பில் ஒரு வால்வைத் திறந்தால், அதற்குப் பிறகு அது ஊரின் பாடு.

இப்போது ஒரு கணக்கு. ஒரு லிட்டர் ஹெக்சேன் முழுக்க ஆவியானால் ஏறக்குறைய 180 லிட்டர் ஆவி கிடைக்கும். காற்றில் ஹெக்சேன் ஆவி 1.1 சதவீதம் சேர்ந்தாலே பொறி பட்டால் பற்றும் நிலை வந்துவிடுகிறது. அப்படியென்றால் ஒரு லிட்டர் ஹெக்சேன் சுமார் 16 கன மீட்டர் காற்றை வெடிக்கக்கூடியதாக்கும். 12 அடி விட்டக் குழாயில் பாதிக்குக் கழிவுநீர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், மேலே உள்ள வெற்றிடம் ஒரு மீட்டர் நீளத்துக்கு 5 கன மீட்டர் சொச்சம். ஆக, ஒரே ஒரு லிட்டர் போதும், மூன்று மீட்டர் நீளக் குழாயை வெடிமருந்தாக்க. போனது லிட்டர் கணக்கில் அல்ல, ஆயிரக்கணக்கான கேலன். ஒரு கேலன் என்பது 3.8 லிட்டர்.

இதோடு ஹெக்சேனின் மற்ற குணங்களையும் சேர்த்துப் பாருங்கள். தண்ணீரில் அது ஏறக்குறைய கரையாது. அதனால் எவ்வளவு கழிவுநீர் கலந்தாலும் நீர்த்துப்போகாது, மேலே மிதந்தபடியே போகும். அதன் ஆவி காற்றைவிடச் சுமார் மூன்று மடங்கு கனமானது. மேன்ஹோல் மூடியின் ஓட்டை வழியே மேலெழுந்து எளிதில் கலைந்துபோகாமல் குழாய்க்குள்ளேயே தாழ்ந்து படர்ந்து கிடக்கும். தீப்பற்று வெப்பநிலை, அதாவது பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவி கிளம்பத் தொடங்கும் வெப்பநிலை, பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸுக்கும் அப்பால். பிப்ரவரி மாதக் குளிர் லூயிவிலுக்கு எந்தப் பாதுகாப்பும் தரவில்லை. குளிர்காலத்தில் சாக்கடை நீர் தெருவைவிட வெதுவெதுப்பாக இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

இந்த நிகழ்வில் என்னை மிகவும் வருத்துவது வெடிப்பு அல்ல. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே நகரம், இதே சாக்கடை அமைப்பு, ஒரு முறை பலமாக அடிபட்டிருந்தது என்பதுதான்.

1977 மார்ச் மாதம். லூயிவிலின் மாரிஸ் ஃபோர்மன் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில், உள்ளே வரும் நீரிலிருந்து குப்பையை அரித்தெடுக்கும் கம்பித் தடுப்புகளிலும் மணல் படியும் தொட்டியிலும் பிசுபிசுப்பான, நாற்றமடிக்கும் ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. தொழிலாளர்கள் வழக்கம்போல அதை எடுக்கப் பார்த்தார்கள். வரவில்லை. சூடான நீராவியைப் பாய்ச்சினார்கள். அந்த இடம் முழுவதும் நீலநிறப் புகைமூட்டம் பரவியது. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது, மூச்சு இழுத்தது. சுமார் 20 பேர் மருத்துவரிடம் ஓடினார்கள். ஒட்டிக்கொண்டிருந்தது ஹெக்சாகுளோரோசைக்ளோபென்டாடையீன் என்ற நச்சுப் பொருள். பூச்சிக்கொல்லி தயாரிப்பில் பயன்படுவது. பெயரைச் சுருக்கி ஊரே அதை 'ஹெக்சா' என்றது. பிறகு 145 ஊழியர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில் 59 சதவீதத்தினர் கண் எரிச்சலையும் 45 சதவீதத்தினர் தலைவலியையும் சொன்னார்கள்.

மார்ச் 29 அன்று சுத்திகரிப்பு நிலையம் மூடப்பட்டது. ஏறக்குறைய மூன்று மாதம் திறக்கவில்லை. நகரத்தின் கழிவுநீர், நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கோடி கேலன், சுத்திகரிக்கப்படாமல் ஒஹையோ ஆற்றில் போய் விழுந்தது. கீழே உள்ள ஊர்கள் அந்த ஆற்றிலிருந்துதான் குடிநீர் எடுக்கின்றன.

அதை ஊற்றியது யார் என்பதைக் குழாய் வழியே மேல்நோக்கிப் போய், ஒவ்வொரு மேன்ஹோலிலும் மாதிரி எடுத்துக் கண்டுபிடித்தார்கள். தொழிற்சாலைகளிடமிருந்து கழிவை வாங்கி அப்புறப்படுத்துவதாகச் சொல்லிக் காசு வாங்கிய ஒரு நிறுவனம், அதைச் சாக்கடையில் ஊற்றிவிட்டிருந்தது. நிறுவனத்தின் தலைவருக்கு 2 ஆண்டு சிறையும் 50,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டத்தின் கீழ் ஒரு தனிமனிதர் சிறைக்குப் போவது அன்று அரிதிலும் அரிது.

இவ்வளவுக்குப் பிறகும் 1981 ஏன் நடந்தது? 1977 கற்றுக்கொடுத்த பாடம் ஒரு பக்கத்துப் பாடம் என்பதே என் முடிவு. இரவில் யாரோ ஒருவன் கள்ளத்தனமாகக் கொண்டுவந்து ஊற்றுகிறான், அவனைப் பிடிக்க வேண்டும் என்று ஊர் புரிந்துகொண்டது. சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலில் நஞ்சு வருகிறதா என்று பார்க்கும் கண் கூர்மையானது. ஆனால் சோயா ஆலை கள்ளத்தனமாக வரவில்லை. அது அங்கேயே, எல்லோர் கண்ணெதிரிலும், முறையான இணைப்போடு இருந்தது. அது பயன்படுத்திய ஹெக்சேனோ சுத்திகரிப்பு நிலையம்வரை வரத் தேவையே இல்லாத பொருள். வழியிலேயே ஆவியாகித் தெருவுக்கு அடியில் காத்திருந்தது. நிலையத்தின் வாசலில் எத்தனை காவல் வைத்தாலும் அதை அங்கே பிடித்திருக்க முடியாது.

சட்டமும் அப்போது இருந்தது. தொழிற்சாலைகள் பொதுச் சாக்கடையில் எதை விடலாம், எதை விடக் கூடாது என்ற தேசிய விதிகள் 1978 ஜூனிலேயே வெளியாகியிருந்தன. குழாயிலோ சுத்திகரிப்பு நிலையத்திலோ தீ அல்லது வெடிப்பு ஆபத்தை உண்டாக்கும் எதையும் விடக் கூடாது என்று அவை தெளிவாகச் சொல்லின. சொன்னது சரிதான், ஆனால் எது ஆபத்து என்பதற்கு அளவு சொல்லவில்லை. வெடித்த பிறகுதான் ஆபத்து நிரூபணமாகும் என்றால், அந்த விதியை வைத்து ஓர் ஆய்வாளர் முந்தின நாள் எந்த வால்வையும் மூடச் சொல்ல முடியாது.

ரால்ஸ்டன் பியூரினா முதலில் பொறுப்பை மறுத்தது. பிறகு கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் சட்டங்களை மீறியதாக நான்கு குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியது. தொகை 62,500 டாலர். சட்டம் அனுமதித்த உச்ச அளவே அவ்வளவுதான். உரிமையியல் வழக்குகளின் வழியே கொடுத்தது வேறு: கழிவுநீர் வாரியத்துக்கு 1.8 கோடி டாலருக்கு மேல், வழக்குத் தொடர்ந்த மக்களுக்கு ஏறக்குறைய 90 லட்சம் டாலர். அபராதத்தைப் போல நானூறு மடங்குக்கும் அதிகம். குற்றத்துக்கான தண்டனை இழப்பீட்டுக்கு முன்னால் காணாமல் போகும் அளவுக்குச் சிறியதாக இருந்தால், கணக்குப் பார்க்கும் ஒரு நிர்வாகம் அந்தத் தண்டனையை எண்ணி எதற்காகத் தூக்கம் கெட வேண்டும்? லூயிவில் மக்கள் வழக்குப் போட்டதால்தான் விலை என்ன என்பது வெளியே தெரிந்தது. சாக்கடைக் குழாய்களைச் சீராக்க 20 மாதங்கள் ஆயின. சாலைகளுக்கு அதற்கு மேலும் பிடித்தது.

இதே கதை பெரிய அளவில் ஒரு முறை நடந்திருக்கிறது. மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் 1992 ஏப்ரல் 22 அன்று, காலை பத்து மணிக்குப் பிறகு அனால்கோ பகுதியின் சாக்கடைகள் வெடித்தன. அங்கே போனது பெட்ரோல். புதிதாகப் போட்ட துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாய், பெமெக்ஸ் என்ற அரசு எண்ணெய் நிறுவனத்தின் பெட்ரோல் போகும் எஃகுக் குழாயை ஒட்டி அமைந்திருந்தது. இரு உலோகங்கள் ஈரமண்ணில் நெருங்கி இருந்ததால் அரிப்பு ஏற்பட்டு எஃகுக் குழாயில் ஓட்டை விழுந்தது. கசிந்த பெட்ரோல் சாக்கடைக்குள் இறங்கியது. மெட்ரோ ரயில் பாதைக்காகச் சாக்கடையை ஓரிடத்தில் வளைத்துக் கீழிறக்கி மேலேற்றியிருந்தார்கள். அந்த வளைவில் தண்ணீர் போகும், ஆவி போகாது. ஆவி பின்னால் தேங்கியது. சுமார் 8 கிலோமீட்டர் தெரு பிளந்தது. அரசுக் கணக்கிலேயே 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தண்ணீர்க் குழாயிலும் சாக்கடையிலும் பெட்ரோல் வாடை வருகிறது என்று மக்கள் சில நாட்களாகவே புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் அதிகாரிகள் வந்து மேன்ஹோல்களைத் திறந்து பார்க்கவும் செய்தார்கள். ஆனால் மக்களை வெளியேற்றவில்லை. லூயிவிலுக்குக் கிடைத்த விடியாத பொழுது குவாதலஹாராவுக்குக் கிடைக்கவில்லை.

நம் ஊரில் இதைப் படிப்பவருக்கு ஹெக்சேன் தூரத்துப் பொருள் அல்ல. தவிட்டு எண்ணெய் எடுக்கும் ஆலைகளிலும், பிழிந்த புண்ணாக்கிலிருந்து மிச்ச எண்ணெயை எடுக்கும் ஆலைகளிலும் 'சால்வென்ட்' என்று பேசப்படுவது இதுதான். இந்தியாவில் 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் பொதுக் கழிவுநீர்க் குழாயில் விடும் நீருக்கு அளவுகள் வைத்திருக்கின்றன. எண்ணெயும் கிரீஸும் லிட்டருக்கு 20 மில்லிகிராம், பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) 350 மில்லிகிராம், அமில காரத் தன்மை 5.5 முதல் 9 வரை என்று அந்தப் பட்டியல் போகிறது. அவசியமான அளவுகள்தான். ஆனால் எண்ணெய், கிரீஸ் சோதனை எப்படி நடக்கிறது என்று கவனியுங்கள். மாதிரி நீரில் ஒரு கரைப்பானை ஊற்றிக் குலுக்கி எண்ணெயைப் பிரிப்பார்கள். பிறகு கரைப்பானைச் சூட்டில் ஆவியாக்கிவிட்டு, மிஞ்சிய எண்ணெயை எடை போடுவார்கள். இன்று அதற்குப் பரவலாகப் பயன்படும் கரைப்பானே ஹெக்சேன்தான். மாதிரியில் ஏற்கனவே ஹெக்சேன் இருந்திருந்தால் அதுவும் சேர்ந்து ஆவியாகிப் போயிருக்கும். தராசு எதையும் காட்டாது. சான்றிதழ் சுத்தமாக இருக்கும்.

லூயிவிலில் இல்லாத இன்னொன்றும் நம்மிடம் இருக்கிறது. அங்கே அந்த விடியற்காலையில் குழாய்க்குள் ஆள் இல்லை. இங்கே மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதற்கான 2013ஆம் ஆண்டின் தடைச் சட்டத்துக்குப் பிறகும், 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகும், மேன்ஹோலுக்குள் மனிதர்கள் இறக்கப்படுவதும் இறப்பதும் நின்றபாடில்லை. வண்டிப் பட்டறையில் பாகங்களைக் கழுவிய பெட்ரோல், சாயம் கலக்கிய தின்னர், முலாம் பூசும் கூடத்தின் அமிலம் ஆகியவற்றை வாசலில் உள்ள குழியில் ஊற்றுகிறவர், கீழே ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டிருக்கக்கூடும் என்று எண்ணுவதில்லை. சாக்கடையில் தேங்கியிருக்கும் சல்பைடோடு அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அதற்குப் பொறிகூடத் தேவையில்லை. இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும்.

அமெரிக்காவில் விதி திருந்த ஒன்பது ஆண்டு ஆயிற்று. 1990 ஜூலையில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்த 1978 விதிக்குள் ஓர் எண்ணைச் சேர்த்தது: மூடிய கிண்ணச் சோதனையில் 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே தீப்பற்று வெப்பநிலை உள்ள எந்தக் கழிவும் பொதுச் சாக்கடைக்குள் வரக் கூடாது. அதே திருத்தத்தில், லாரியில் கொண்டுவரும் கழிவைக் கழிவுநீர் வாரியம் குறித்துக்கொடுத்த இடத்தில் மட்டுமே கொட்டலாம் என்ற விதியும் வந்தது. முதலாவது ஹில் தெருவில் நடந்ததற்கும், இரண்டாவது 1977 மார்ச்சில் நடந்ததற்கும் பொருத்தமான பதில்கள். சில நகரங்கள் இன்னும் ஒரு படி போய், ஆலையின் வெளிவாயில் வாயு அளவி வைக்கச் சொல்கின்றன. வெடிப்பதற்குத் தேவையான குறைந்தபட்ச அளவில் பத்தில் ஒரு பங்கை எட்டினாலே மீறல் என்று எழுதிவைத்திருக்கின்றன.

இந்த 60 டிகிரி எண்ணுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. மாதிரியை எப்படி எடுக்கிறார்கள் என்பதில் எல்லாம் இருக்கிறது. ஹெக்சேன் மிதக்கும் பொருள். ஓடும் நீரின் நடுவில் குழாயை நுழைத்து உறிஞ்சினால் தண்ணீர்தான் வரும். நாள் முழுக்கத் துளித்துளியாகச் சேர்த்து ஒரே புட்டியில் கலக்கும் தானியங்கி மாதிரி எடுப்பான், ஆவியாகக்கூடிய பொருளை வழியிலேயே பறக்கவிட்டுவிடும். ஆவியாகும் கரிமப் பொருட்களுக்கு அவ்வப்போது நேரடியாகக் கையால் எடுத்து, காற்று இடைவெளி இல்லாமல் மூடிய புட்டியில் அனுப்பிய மாதிரிதான் செல்லும். அமெரிக்க விதியும் இத்தகைய பொருட்களுக்கு அப்படி உடனுக்குடன் எடுத்த மாதிரியைத்தான் கேட்கிறது.

அப்படி எடுத்த மாதிரியும் எடுத்த நிமிடத்தைப் பற்றி மட்டுமே பேசும். லூயிவிலைப் போல ஆயிரக்கணக்கான கேலன் ஒரே மூச்சில் வெளியேறும்போது மாதாந்தர மாதிரி எதற்கும் உதவாது. ஆகவே கரைப்பான் பயன்படுத்தும் எந்த ஆலையிடமும் சாக்கடை இணைப்புக் கொடுக்கும் முன் மூன்றைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிரிப்புத் தொட்டியில் ஹெக்சேனும் நீரும் சந்திக்கும் மட்டத்தைக் காட்டும் கருவி வேண்டும். வெளிவாயில் நிற்காமல் இயங்கும் வாயு அளவி வேண்டும். அளவி எச்சரித்ததும் மனிதர் வந்து முடிவெடுக்கக் காத்திராமல் தானே மூடிக்கொள்ளும் வால்வும், அது மூடியபின் வரும் நீரைப் பிடித்துவைக்க ஆலை வளாகத்துக்குள்ளேயே ஒரு காலித் தொட்டியும் வேண்டும். ஆலையில் எத்தனை லிட்டர் கரைப்பான் வாங்கினார்கள், எத்தனை லிட்டர் மிச்சம் இருக்கிறது என்ற கணக்கைக் கழிவுநீர் வாரியம் மாதந்தோறும் வாங்கிப் பார்க்க வேண்டும். ஹெக்சேன் விலையுள்ள பொருள் என்பதால் அந்தக் கணக்கு எந்த ஆலையிலும் ஏற்கனவே இருக்கும். அதில் திடீரென்று சில ஆயிரம் லிட்டர் குறைந்தால், அது எங்கே போனது என்று அன்றைக்கே கேட்க ஆள் வேண்டும்.